ஐந்தேகால் மில்லிமீட்டர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் எடுக்கும் மேசை என்னுடையது. யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் முதலில் திட்டு வாங்குவது நான்தான். எனக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் மில்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வாள் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர் இது. புதிதாகச் சேருகிறவர்கள் மில்லி என்று கேட்டதும் வேறு ஏதோ பழக்கம் போல என்று அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பாவம், அவள் டீகூடக் குடிக்க மாட்டாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது என்றால், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தாள். நடக்கப் போவதை முன்கூட்டியே கண்டுபிடித்தாள். சொல்ல வேண்டியவர்களிடம் வாய்விட்டுச் சொன்னாள். அத்தனையும் செய்தும் ஒன்றும் ஆகவில்லை.

லிஃப்டைப் பற்றி வெளியாருக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. பிரேக் விட்டால் காலி லிஃப்ட் கீழே விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விழாது. கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிர் எடை தொங்குகிறது, அது காலி லிஃப்டைவிடக் கனம். அதனால் லிஃப்ட் மேலே போகும். கூரைமேல் நின்று வேலை செய்கிற மெக்கானிக்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்து அழுத்தும். பிரேக்கில் சந்தேகம் இருந்தால் மெக்கானிக் முதலில் அடிக்குழிக்குள் இறங்கி, எதிர் எடைக்குக் கீழே இரும்பு முட்டு கொடுத்துவிட்டுத்தான் கூரையில் ஏறுவார். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பிரேக் நன்றாக இருந்தால் முட்டு வேண்டாம், நேராக ஏறிவிடலாம்.

பிரேக் எப்படி இருக்கிறது என்பதை அதன் லைனிங், அதாவது சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பட்டை, சொல்லும். புதிதில் ஆறு மில்லிமீட்டர் தடிமன். தேய்ந்து தேய்ந்து இரண்டுக்குக் கீழே போனால் ஆபத்து. கழற்றாமலே அதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கட்டடத்தின் மோட்டார் அறையிலும் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். பிரேக் பிடிக்கிற சத்தத்தை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலிருந்து முடிவுக்கு வர அப்போது மூன்று படிகள் இருந்தன. முதல் படி மற்ற இரைச்சலை வடிகட்டிப் பிரேக்கின் சத்தத்தை மட்டும் எடுக்கும். இரண்டாவது படி அதை வைத்து லைனிங் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கணிக்கும். மூன்றாவது படி அந்த எண்ணையும் கட்டடத்தின் மற்ற விவரங்களையும் பார்த்து, ஆளை அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லும்.

இரண்டாவது படி மில்லி கட்டியது. கேள்வி கேட்டுக் கேட்டுக் கிளை பிரிகிற முடிவு மரங்கள், நூற்றுக்கணக்கில். சத்தம் இவ்வளவுக்கு மேல் கரகரக்கிறதா, ஆமென்றால் இந்தக் கிளை, இல்லையென்றால் அந்தக் கிளை. எல்லா மரங்களும் சொல்வதைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மில்லிமீட்டர் வந்துவிடும்.

மரங்களுக்குக் கற்றுக்கொடுக்க நிஜமான லைனிங் வேண்டியிருந்தது. ஒவ்வொரு மெக்கானிக்காகப் போய்க் கேட்டாள். பழைய லைனிங்கைக் கழற்றினால் குப்பையில் போடாமல் எனக்குக் கொண்டுவந்து தாருங்கள் என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒருவரும் கொண்டுவரவில்லை. ஒரே ஒருவர் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டு எடுத்து வந்தார், எந்தக் கட்டடம் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் எழுதி. வாரத்துக்கு ஒரு முறை வந்தவர் பிறகு தினமும் வர ஆரம்பித்தார். இத்தனை பிரேக்கா தினமும் தேய்கிறது என்று நான் கேட்டபோது ஆள் காது வரை சிவந்துபோனார். பூ கொடுத்துப் பெண்ணைக் கவர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்ந்த பிரேக் லைனிங் கொடுத்துக் கல்யாணம் வரை கொண்டுபோன ஆளை அவரைத் தவிர எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பல வருடங்கள் மில்லியின் எண் பிசகியதில்லை. திரையில் மூன்றரை என்று இருந்தால் கழற்றிப் பார்க்கும்போது மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெக்கானிக்குகள் மூன்றாவது படியைத் திட்டுவார்கள், என்னைத் திட்டுவார்கள், லைனிங் எண்ணை மட்டும் நம்புவார்கள். இரண்டுக்குக் கீழே காட்டினால் முட்டு, இல்லாவிட்டால் நேராகக் கூரை. வேலைக்கு நேரம் ஒதுக்குகிற பிரிவும் அதையே பிடித்துக்கொண்டது. இரண்டுக்குக் கீழே உள்ள கட்டடத்துக்கு ஒன்றரை மணி நேரம், மற்றதற்கு அரை மணி நேரம்.

அப்போதுதான் புது மேலாளர் வந்தார். எதை எடுத்துக்கொண்டு போனாலும் 'மொத்தத்துல எவ்வளவு' என்று கேட்பார், அதனால் மொத்தம் என்று பெயர் விழுந்தது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்கிற, குரலை உயர்த்தாத மனிதர். மூன்று படிகளும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டவை, ஒன்றின் தவறு மற்றொன்றுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் வீணான வருகைகள் நடக்கின்றன என்றார். மூன்றையும் ஒரே நியூரல் நெட்வொர்க்காக மாற்றிச் சேர்த்துப் பயிற்றினால் கடைசித் தவறு முதல் படி வரை பின்னால் போய் எல்லோரையும் திருத்தும் என்றார்.

"தனிக்குடித்தனம் போதும்மா. இனிமே கூட்டுக்குடும்பம்தான்" என்று சிரித்தார். யோசனை தப்பு என்று மில்லியும் சொல்லவில்லை. மாற்றித் தரும் வேலை அவளிடமே வந்தது.

அதை அவள் செய்த அழகை நான் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தேன், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள். மரத்தின் கேள்வி படிக்கட்டு மாதிரி, ஆம் அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. தவறு பின்னால் வழிந்து வர வேண்டுமென்றால் படிக்கட்டு ஆகாது, சரிவு வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் சரிவாக்கி, ஒவ்வொரு கிளையையும் நெட்வொர்க்கின் அடுக்காக்கி, மாதக்கணக்கில் இழைத்தாள். முடிந்த அன்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். எல்லாக் கட்டடத்துக்கும் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின, புள்ளிக்குப் பிறகும் அச்சு அசல். அன்று என் நாற்காலியைத் திருப்பி இழுத்துக் காட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

அடுத்து, சேர்த்துப் பயிற்றும் வேலை. அதற்கு மதிப்பெண் ஒன்றே ஒன்றுதான்: ஆளை அனுப்பிய வருகை தேவைப்பட்டதா, வீணா. மதிப்பெண் ஏறியது. மொத்தம் ஆபீஸ் முழுக்கச் சுற்றி வந்து எல்லோர் கையையும் குலுக்கினார். மில்லி மட்டும் நடு அடுக்கைத் திறந்து பார்த்தாள். அவள் மேசை இழுப்பறையில் ஒரு கட்டடத்தின் லைனிங் கிடந்தது, புதிதாகக் கழற்றியது, இரண்டுக்கும் கீழே தேய்ந்தது. அதைக் கழற்றுவதற்கு முந்தின நாள் அதே கட்டடத்துக்கு நெட்வொர்க் நாலரை என்று சொல்லியிருந்தது. ஆனாலும் கடைசி முடிவு சரி: ஆளை அனுப்பு.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். கணக்குப் பரீட்சையில் கடைசி விடைக்கு மட்டும்தான் மார்க் என்றால், பையன் நடு வரிகளில் எதை வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்வான். நடு அடுக்கு மில்லிமீட்டரைச் சொல்ல வேண்டும் என்று இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. மூன்றாவது அடுக்குக்கு எது வசதியோ அதைச் சொல்கிறது. அந்தக் கிறுக்கல் மூன்றாவது அடுக்குக்குப் புரியும், மனிதருக்குப் புரியாது. ஆனால் மெக்கானிக்கின் போனில் அதே இடத்தில் அதே எழுத்தில் 'லைனிங், மி.மீ.' என்று போட்டு அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கட்டடங்களில் எண் பழையபடியே இருந்தது. அது இன்னும் மோசம், அதைப் பார்த்து மற்றதையும் நம்பிவிடுவார்கள்.

மொத்தத்திடம் போனாள். அவர் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், நடுவுல வர்ற எண் இப்ப மில்லிமீட்டரே இல்ல."

"பின்ன என்னது?"

"என்னன்னு சொல்ல முடியாது சார். பசங்க அதைப் பாத்துத்தான் முட்டு குடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றாங்க."

"மொத்தத்துல மார்க் ஏறியிருக்கு இல்ல?"

"ஏறியிருக்கு. ஆனா நடு அடுக்குக்கும் தனியா ஒரு மார்க் வச்சுப் பிடிச்சு நிறுத்தணும் சார். நிஜ லைனிங்கோட ஒத்துப்போகலைன்னா தண்டனைன்னு. அப்ப அது விலகாது."

"வச்சா மொத்தம் எவ்வளவு இறங்கும்?"

"கொஞ்சம் இறங்கும்."

அந்த 'கொஞ்சம்' போதுமாக இருந்தது. சரி, எண்ணையாவது திரையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்தால் நேரம் ஒதுக்குகிற பிரிவு எதை வைத்து ஒதுக்கும், எல்லாக் கட்டடத்துக்கும் ஒன்றரை மணி நேரம் கொடுக்க ஆள் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரியே கேட்டார். "அடுத்த தடவை பயிற்சி குடுக்கும்போது பாத்துக்கலாம்மா" என்று முடித்தார். இந்த 'அடுத்த தடவை'யை நான் பல மேலாளர்களிடம் கேட்டிருக்கிறேன். அது வந்து நான் பார்த்ததில்லை.

மில்லி சும்மா இருக்கவில்லை. பழைய மூன்று படிகள் அவள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. கருவிகளின் சத்தமும் இன்னும் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் வந்ததும் பழையதை ஓடவிட்டு, லைனிங் கொண்டுவந்து கட்டிக்கொண்ட அந்தப் புருஷனிடம் அன்று அவர் போகவேண்டிய கட்டடங்களின் நிஜ எண்ணைப் போனில் சொல்வாள். "அந்த நூலகத்துல திரை அஞ்சு காட்டும், நம்பாதீங்க. ஒன்னரைதான். முட்டு குடுத்துட்டு ஏறுங்க." அவரும் கேட்டார். வேறு எதைக் கேட்காவிட்டாலும் அதைக் கேட்டார்.

ஆனால் தான் மட்டும் பிழைத்துக்கொண்டு கூட வேலை செய்கிறவனைச் சாகவிடுகிற மனிதர் இல்லை அவர். முதலில் தன்னோடு ஜோடியாக வேலைக்கு வருகிற மெக்கானிக் நெட்டையிடம் சொன்னார். நெட்டை வாயில் எதுவும் தங்காது. சில வாரங்களில் எல்லா மெக்கானிக்கும் காலையில் மில்லிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள். ஒவ்வொரு போனிலும் ஓர் ஆள் உயிரோடு வீடு திரும்புகிறான் என்று எனக்குத் தோன்றும், அந்த நேரத்தில் என் மேசைக்கு வருகிற திட்டுகூட உறைக்காது.

குட்டு வெளிப்பட நாளாகவில்லை. அரை மணி நேரம் ஒதுக்கிய இடங்களில் ஆட்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வது நேரப் பிரிவின் கண்ணில் பட்டது. அடுத்த கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்னை வறுத்தெடுத்தார்கள். மொத்தம் மில்லியைக் கூப்பிட்டார். அப்போதும் குரல் உயரவில்லை.

"ஒரே கம்பெனியில ரெண்டு கணக்கு ஓடினா ஆளுங்க எதைம்மா நம்புவாங்க?"

"நிஜத்தை நம்பட்டும் சார்."

கொஞ்ச நாளில் நெட்வொர்க்கைக் கருவிக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். கருவியே கேட்டு, கருவியே முடிவெடுத்து, முடிவையும் அந்த எண்ணையும் மட்டும் அனுப்பும். சத்தம் ஆபீசுக்கு வருவது நின்றது. மில்லியின் மரங்கள் அவள் கம்ப்யூட்டரில் இருந்தன, கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அன்று காலை போன் செய்த ஒவ்வொருவரிடமும், "இனிமே என்கிட்ட இல்ல. எல்லா இடத்துலயும் முட்டு குடுங்க" என்று சொன்னாள்.

எல்லா இடத்திலும் முட்டு கொடுத்தார்கள், கொஞ்ச நாள். நேரம் தவறியதற்கு எச்சரிக்கை வந்தது. ஒவ்வொருவராக விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். கடைசி வரை விடாமல் முட்டு கொடுத்தது மில்லியின் புருஷன். கடைசி எச்சரிக்கை அவருக்கு வந்த பிறகு, மில்லி அவரிடம் வேலையை விட்டுவிடுங்கள் என்று அழுதாள். "நான் விட்டா என் இடத்துக்கு வர்றவனுக்கு இதுவும் தெரியாது" என்றாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோது, பிழைக்கத் தெரியாத மனிதர் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து காவலாளி பேசினபோது நான் எப்போதும் போல 'மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேர்' என்று கேட்டேன்.

"மாட்டலைங்க. லிஃப்ட் தானா மேல போயிடுச்சு. உங்க மெக்கானிக் அதுக்கு மேல இருக்காரு. கத்துறாருங்க."

நான் கட்டடத்தின் பெயரைத் திருப்பிச் சொன்னேன், வேலைப் பழக்கம். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அன்று புருஷனுக்கு அந்தக் கட்டடம் என்று மில்லிக்குத் தெரியும். ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் என் திரைக்குக் குனிந்து, அந்தக் கட்டடத்தின் வரியைத் தேடி, எண்ணைப் பார்த்தாள். ஐந்தேகால். அதன் பிறகுதான் ஓடினாள்.

நெட்டை பிற்பாடு சொன்னதுதான் எனக்குத் தெரியும். முட்டுக் கொடுக்கும் இரும்பை எடுத்துக்கொண்டு குழிக்கு இறங்கப் போனவரை நேரப் பிரிவு போனில் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு லிஃப்டில் மூச்சுத் திணறுகிற கிழவர் ஒருவர் மாட்டியிருக்கிறார், திரையில் ஐந்தேகால் இருக்கிறது, எதற்கு முட்டு என்று. போனை வைத்துவிட்டு, "ஒரு நிமிஷ வேலைதான், ஏறிட்டு இறங்கிடறேன்" என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது லைனிங் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

உயிர் பிழைத்தார். இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், நெடுநேரம் உட்கார முடியாது.

விசாரணைக்கு வந்தவர் மில்லியையும் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், நடு அடுக்கு, சரிவு, மதிப்பெண் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: அன்று இயந்திரம் அங்கே ஆளை அனுப்பச் சொன்னதா இல்லையா? சொன்னது. போகவேண்டிய இடம்தானா? ஆமாம். அப்படியானால் இயந்திரத்தில் தவறில்லை. முட்டு கொடுக்காமல் ஏறியது ஊழியரின் கவனக்குறைவு. மொத்தம் ஆஸ்பத்திரிக்குப் பழங்களோடு வந்து கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். அதனாலும் ஒன்றும் மாறவில்லை.

மில்லி வேலையை விடவில்லை, விட முடியாது, வீட்டில் சம்பாதிக்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான். திரும்பி வந்தபோது அடுத்த பயிற்சிக்கான வேலை காத்திருந்தது. முடிந்துபோன ஒவ்வொரு வருகைக்கும் அவள் குறி போட வேண்டும்: தேவைப்பட்டது, அல்லது வீண். இரண்டு பொத்தான்தான், மூன்றாவது கிடையாது. அவள் குறி போட்டுக்கொண்டே போகிற தட்டல் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. நான் திரும்பவில்லை, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. நெடுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டல். பிறகு மறுபடி வரிசையாக. அந்த முறையும் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி அவர் போனில் நெட்டையைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது நெட்டைதான் அவருடைய கட்டடங்களைப் பார்க்கிறான். போனை வைத்துவிட்டு, "முட்டு குடுக்க மாட்டேங்கிறான் அக்கா. நேரம் இல்லையாம்" என்று என்னிடம் சொன்னார். மில்லி அவர் முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

"புதுசா பயிற்சி குடுத்தீங்களே, எப்படி வந்திருக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"முன்னைவிட நல்லா வந்திருக்குங்க."

"நடு எண்?"

"அப்படியேதான்."

அவர் போர்வையைக் கால் இல்லாத பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பல் ஆஸ்பத்திரியில நான் அடிபட்டதை அது என்னன்னு எடுத்துக்கிச்சு?"

மில்லி தலையணையைச் சரி செய்த கையை எடுக்கவில்லை.

"தேவைப்பட்ட வருகைன்னு எடுத்துக்கிச்சுங்க. நான்தான் போட்டேன்."

"பிரேக் தேஞ்சுதானே இருந்தது" என்றார் அவர். "வேற என்ன போட முடியும்?"